புயல் பார்த்த ரேடார்கள்: அன்றும் இன்றும்

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



கொஞ்ச நாளைக்கு முன்னால் ஒரு கிராமத்தில் உழவர் கூட்டம் நடந்தது. பயிர்ப் பாதுகாப்பு பற்றிப் பேசி முடித்து நான் கிளம்புகிற நேரம். திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் கூப்பிட்டார். "ஏன் தம்பி, எங்க காலத்துல ரேடியோவுல 'ரேடார்ல புயல் தெரியுது'ன்னு சொல்லுவாங்க. இப்போ டாப்ளர் ரேடார்ங்கறாங்க. அப்போ அந்தப் பழைய ரேடார் என்ன ஆச்சு? அது எங்கே இருந்துச்சு?" என்று கேட்டார்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. படித்தது பட்டப்படிப்பு, பார்ப்பது வேளாண்மை வேலை. தினமும் வானிலை அறிவிப்பை உங்களுக்கு எடுத்துச் சொல்கிறவன் நான். ஆனால் அந்த அறிவிப்பைக் கொடுக்கிற கண் எது, அதற்கு முன்னால் இருந்த கண் எது என்று தேடிப் பார்த்ததில்லை. அதற்கப்புறம் தேடிப் படித்தேன். படித்ததில் நமக்குத் தேவையானதை இன்றைக்குச் சொல்கிறேன்.

முதலில் ரேடார் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து ஒரு குரல் கொடுத்தால் எதிரொலி வருகிறது இல்லையா? ரேடாரும் அதைத்தான் செய்கிறது. குரலுக்குப் பதில் ரேடியோ அலை. பெரிய கிண்ணம் போன்ற ஆன்டெனா, சுற்றிக்கொண்டே, அலையை வீசி எறியும். வழியில் மழைத்துளி இருந்தால் அலையில் ஒரு துளிப் பங்கு மோதித் திரும்பி வரும். ரேடியோ அலை ஒரு விநாடியில் 3 லட்சம் கிலோ மீட்டர் போகும். அதனால் 150 கிலோ மீட்டர் தள்ளிப் பெய்கிற மழையிலிருந்து எதிரொலி திரும்ப, ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் போதும். அந்த நேரத்தை அளந்தால் தூரம் தெரிந்துவிடும். ஆன்டெனா எந்தப் பக்கம் திரும்பி இருக்கிறதோ அதுதான் திசை. தூரமும் திசையும் கிடைத்தால் மழை எந்த இடத்தில் என்று குறித்துவிடலாம்.

இந்தக் கருவி மழைக்காக உண்டாக்கப்பட்டதல்ல. இரண்டாவது உலகப் போரில் எதிரி விமானத்தைக் கண்டுபிடிக்கப் பயன்படுத்தியது. விமானத்தைத் தேடிக்கொண்டிருந்தவர்களுக்குத் திரையில் மழை வந்து குறுக்கே நின்று தொந்தரவு கொடுத்தது. பயிருக்கு நடுவில் களை மாதிரி. போர் முடிந்த பிறகு அந்தக் களையையே பயிராக்கிக்கொண்டார்கள் வானிலைக்காரர்கள். மிச்சமான போர்க்கால ரேடார்களை வாங்கி மழை பார்க்க வைத்தார்கள்.

அமெரிக்காவில் 1954, 1955 ஆகிய இரண்டு வருஷத்திலும் அடுத்தடுத்துப் பெரும் புயல்கள் கிழக்குக் கரையைத் தாக்கின. அதன் பிறகுதான் அரசாங்கம் தாராளமாகப் பணம் ஒதுக்கியது. 1957-ல் வடிவமைத்த ரேடார் என்பதால் அதற்கு 'டபிள்யூ.எஸ்.ஆர்.57' என்று பெயர். 1959-ல் முதல் கருவி மயாமி நகரத்தில் வேலையைத் தொடங்கியது. பிறகு கரையோரமும் உள்நாட்டிலுமாக அறுபதுக்கும் மேற்பட்ட இடங்களில் வைத்தார்கள். சுமார் 12 அடி குறுக்களவுள்ள ஆன்டெனா, 10 சென்டி மீட்டர் அலை. அலை நீளத்துக்கு ஒரு காரணம் உண்டு. 3 சென்டி மீட்டர் அலை சின்ன மழையைக்கூட நன்றாகப் பார்க்கும். ஆனால் கனமழை வந்தால் அந்த மழையே அலையைக் குடித்துவிடும். அதற்கு அப்பால் இருப்பது தெரியாது. புயல் பார்க்க 10 சென்டி மீட்டர் அலைதான் தோதானது.

அந்தக் காலத்து ரேடார் அறை இருட்டாக இருக்கும். நடுவில் வட்டமான திரை. அதில் கடிகார முள் மாதிரி ஒளிக்கோடு சுற்றிச் சுற்றி வரும். மழை இருக்கிற இடம் வெளிச்சப் புள்ளியாகத் தெரியும். கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. பார்க்கிறவர் மேலே கண்ணாடிக் காகிதத்தை விரித்துப் பென்சிலால் வரைந்துகொள்வார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வரைவார். இரண்டையும் ஒப்பிட்டால் புயல் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று தெரியும். ராத்திரி முழுக்கக் கண் விழிக்கிற வேலை. வயல் காவலுக்குப் போனவர்களுக்கு அந்தப் பாடு தெரியும்.

இந்தப் பழைய ரேடார்களில் இரண்டைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும்.

ஒன்று, டெக்சாஸ் மாநிலத்தில் கால்வெஸ்டன் என்கிற தீவு நகரத்தில் இருந்தது. 1900-ஆம் வருஷம் செப்டம்பர் 8-ஆம் தேதி அந்த ஊரைப் புயல் அடித்து, கடல் உள்ளே புகுந்தது. ஆறாயிரத்திலிருந்து பன்னிரண்டாயிரம் பேர் வரை செத்தார்கள் என்று கணக்கு. அதே டெக்சாஸ் கரையில் 1961 செப்டம்பரில் 'கார்லா' என்ற பெரும்புயல் வந்தது. அப்போது கால்வெஸ்டனில் ரேடார் இருந்தது. டேன் ராதர் என்கிற தொலைக்காட்சி நிருபர் ரேடார் அறைக்கே போய், திரையின் மேல் டெக்சாஸ் வரைபடத்தை வைத்து, புயல் எவ்வளவு பெரிது என்று ஜனங்களுக்கு நேராகக் காட்டினார். வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு, "நம்ம ஊரையே முழுங்கற அளவுக்கு இருக்கே" என்று புரிந்துவிட்டது. மூன்றரை லட்சம் பேர் கரையை விட்டு வெளியேறினார்கள். அந்தப் புயலில் இறந்தவர்கள் ஐம்பதுக்கும் குறைவு. அறுபது வருஷ இடைவெளியில் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்.

இன்னொன்று மயாமியை ஒட்டின கோரல் கேபிள்ஸ் என்கிற ஊரில், புயல் முன்னறிவிப்பு மையம் இருந்த உயரமான கட்டடத்தின் மொட்டை மாடியில் இருந்தது. 1992 ஆகஸ்டு 24-ஆம் தேதி விடியற்காலையில் 'ஆண்ட்ரூ' என்ற புயல் வந்தது. கரை நெருங்க நெருங்க ரேடார் அதைக் காட்டிக்கொண்டே இருந்தது. கடைசியில் காற்று அந்த ரேடாரையே மாடியிலிருந்து பிடுங்கித் தள்ளிவிட்டது. திரை வெறுமையாகிவிட்டது. கண்ணை இழக்கிற நிமிஷம் வரைக்கும் பார்த்துச் சொன்ன ரேடார் அது. பிறகு அந்த மையமும் அங்கே இல்லை. 1995-ல் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் கட்டின கெட்டியான கட்டடத்துக்குப் போய்விட்டது.

மற்ற ரேடார்களும் மெள்ள மெள்ள ஓய்வு பெற்றன. காரணம் உங்களுக்கே தெரிந்ததுதான். வால்வு ரேடியோ ஞாபகம் இருக்கிறதா? போட்டால் சூடாகி, கொஞ்ச நேரம் கழித்துத்தான் பாடும். டிரான்சிஸ்டர் வந்தது, வால்வு செய்கிறவர்கள் கடையைக் கட்டினார்கள். இந்த ரேடார்களும் வால்வில் ஓடினவை. உதிரி பாகம் கடையில் கிடைக்காமல் தனியாகச் சொல்லிச் செய்து வாங்கிப் போட வேண்டியதாயிற்று. பழைய ஆயில் என்ஜினை வைத்துக்கொண்டு அல்லாடுகிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1996 டிசம்பரில் கடைசி ரேடாரும் நிறுத்தப்பட்டது. அதற்குள் நாடு முழுக்க ஏறக்குறைய 160 இடங்களில் டாப்ளர் ரேடார் வந்துவிட்டது.

டாப்ளர் என்பது என்ன? ரயில் நம்மை நோக்கி வரும்போது அதன் ஊதல் உச்சமாகக் கேட்கும். நம்மைத் தாண்டிப் போனதும் சத்தம் கட்டையாகிவிடும். அலையிலும் அதே மாற்றம் உண்டு. மழைத்துளி ரேடாரை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா, எவ்வளவு வேகம் என்று அந்த மாற்றத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம். பழைய ரேடார் மழை எங்கே என்று மட்டும் காட்டியது. டாப்ளர் ரேடார் காற்றின் வேகத்தையும் சேர்த்துக் காட்டுகிறது.

சரி, நம்ம கரைக்கு வருவோம்.

இந்தியாவில் 1954-ல் கல்கத்தா டம்டம் விமான நிலையத்தில் மழை பார்க்க ஒரு ரேடார் வைத்தார்கள். அது விமானங்களுக்காக. கடலில் வருகிற புயலைத் தூரத்திலேயே பிடிக்கிற ரேடார் நம் கரையில் அப்போது இல்லை. 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு தனுஷ்கோடி அழிந்ததைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ரயிலோடு ஜனங்களைக் கடல் கொண்டுபோனது. அந்த ராத்திரியில் புயல் இத்தனை கிலோ மீட்டரில் இருக்கிறது, இந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துச் சொல்ல நமக்குக் கண் கிடையாது.

1970-ல் விசாகப்பட்டினத்தில் முதல் புயல் கண்டறியும் ரேடார் வந்தது. அடுத்த சில வருஷத்திலேயே சென்னையில், துறைமுகத்துக் கட்டடத்தின் உச்சியில் ஒன்று வந்தது. பிறகு படிப்படியாகக் கிழக்குக் கரையில் கல்கத்தா, பாரதீப், மசூலிப்பட்டினம், காரைக்கால். மேற்குக் கரையில் கொச்சி, கோவா, பம்பாய், புஜ் என்று மொத்தம் பத்து இடம். கரையோரமாகக் காவல்காரனை நிறுத்தின மாதிரி வரிசையாக வைத்தார்கள்.

ஒன்று போதாதா, எதற்குப் பத்து என்று கேட்பீர்கள். பூமி உருண்டை. ரேடார் அலை ஏறக்குறைய நேராகப் போகிறது. தூரம் போகப் போகத் தரை கீழே வளைந்துவிடும், அலை மேலே போய்விடும். 200 கிலோ மீட்டரில் அலை தரைக்கு 2 கிலோ மீட்டருக்கு மேல் இருக்கும். 400 கிலோ மீட்டரில் 9 கிலோ மீட்டர் உயரத்துக்குப் போய்விடும். உயரமான புயல் மேகம் அங்கேயும் மாட்டும். தாழ்வான மழை மேகம் தப்பிவிடும். அதனால்தான் சென்னை ரேடாரை மட்டும் நம்பி டெல்டாவில் பெய்கிற மழையை எல்லாம் சொல்லிவிட முடியாது. காரைக்காலில் ஒன்று தேவைப்பட்டது.

அந்தப் பழைய ரேடார்களுக்கும் வயதாகி, ஒவ்வொன்றாக டாப்ளர் வந்தது. முதலில் 2002 பிப்ரவரியில் சென்னையில். அதன் பின் கல்கத்தா, மசூலிப்பட்டினம், விசாகப்பட்டினம், கொஞ்சம் தாமதமாகக் காரைக்கால். ஸ்ரீஹரிகோட்டாவில் நம் நாட்டிலேயே செய்த ரேடார் வைத்தார்கள். 2022-ல் சென்னை பள்ளிக்கரணையில் கிட்டத்து மழையை நுணுக்கமாகப் பார்க்க இன்னொன்று வந்தது. திண்ணைப் பெரியவர் கேட்ட பழைய ரேடார்கள் இருந்த இடம் இவைதான்.

"பழசு எங்கே இருந்தா என்ன சார், அதான் புதுசு வந்தாச்சே" என்று சிலர் நினைக்கலாம். அப்படி இல்லை. நிலம் அளக்கிறவர் வந்தால் முதலில் எதைத் தேடுகிறார்? எல்லைக் கல்லைத் தேடுகிறார். கல் இருந்த இடம் தெரிந்தால்தான் புலப்படம் செல்லும். கல்லை நகர்த்திவிட்டால் அளவு எல்லாமே தப்பாகிவிடும். ரேடார் படமும் அப்படித்தான். அதில் உள்ள தூரமும் திசையும் ரேடார் நின்ற இடத்திலிருந்து எடுத்த அளவு. ஐம்பது வருஷத்துக்கு முந்தின ஒரு புயல் எந்த வழியாக வந்தது, கண் எந்த ஊருக்கு நேராகக் கடந்தது என்று இன்று சரிபார்க்க வேண்டுமானால், அன்றைக்கு அந்த ரேடார் எந்த மாடியில், எந்த மேட்டில் நின்றது என்று தெரிய வேண்டும். கருவியைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம். இடத்தின் குறிப்பைத் தொலைக்கக் கூடாது.

அமெரிக்காவில் பழைய ரேடார் திரையைப் படம் பிடித்த பிலிம் சுருள்களை ஆஷ்வில் என்கிற ஊரில் ஆவணமாக வைத்தார்கள். விமான நிலைய வரைபடம், பழைய போட்டோ, பணிக் குறிப்பேடு இவற்றை வைத்து நிலையம் நின்ற இடங்களைத் தேடிக் குறிக்கிறவர்களும் உண்டு. நிறைய இடங்களில் புது ரேடார் பழைய இடத்தில் வைக்கப்படவில்லை. நகரத்துக்கு நடுவில் உயரமான கட்டடங்கள் வந்து மறைத்துவிட்டதால் வெளியே திறந்த வெளிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அதனால் இடத்தைத் தேடுவது முக்கியமாகிறது.

உங்கள் ஊர் மழைக் கணக்குக்கும் இது பொருந்தும். மழைமானியை மரத்தடியில் வைத்தால் ஒரு அளவு, வெட்ட வெளியில் வைத்தால் ஒரு அளவு. வீட்டில் மழை அளந்து குறிப்பு எழுதுகிற விவசாயிகள் சிலரை எனக்குத் தெரியும். அவர்களுக்கு ஒரு வார்த்தை: எத்தனை மில்லி மீட்டர் என்று எழுதினால் மட்டும் போதாது, மானி எங்கே இருக்கிறது, எப்போது இடம் மாற்றினீர்கள் என்பதையும் எழுதி வையுங்கள். உங்கள் பேரன் படிக்கும்போதுதான் அதன் அருமை தெரியும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ரேடார் இருந்தால் மட்டும் உயிர் பிழைக்குமா?

1977 நவம்பர் 12-ல் நாகப்பட்டினத்தைப் புயல் அடித்தது. நம் டெல்டா ஜனங்கள் ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். ஒரே வாரம் கழித்து, 19-ஆம் தேதி, ஆந்திராவில் திவிசீமாப் பகுதியில் கடல் ஏறி வந்தது. பத்தாயிரம் பேர் அளவுக்குச் செத்தார்கள். அந்த வருஷம் விசாகப்பட்டினத்திலும் சென்னையிலும் ரேடார் இருந்தது. புயல் இருப்பதும் தெரிந்துதான் இருந்தது. ஆனால் தெரிந்த செய்தி குடிசை வரைக்கும் போய்ச் சேர வேண்டும். சேர்ந்த செய்தியை நம்பி ஜனங்கள் நகர வேண்டும். நகர்ந்தால் போய்த் தங்க மேடான இடம் வேண்டும். இந்த மூன்றில் ஒன்று அறுந்தாலும் ரேடார் பார்த்தது வீண்தான். கால்வெஸ்டனில் ஜனங்களைக் காப்பாற்றியது ரேடார் மட்டுமல்ல. அதை ஜனங்கள் கண்ணில் காட்டினதும், அவர்கள் நம்பிக் கிளம்பினதும் சேர்ந்துதான்.

இதில் என் தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சுமார் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நான் ஒரு வட்டாரத்தில் உதவி அலுவலராக இருந்தேன். குறுவை அறுவடை நேரம். கனமழை எச்சரிக்கை வந்திருந்தது. ஆனால் வானம் வெளுத்துக் கிடந்தது, வெயில் சுள்ளென்று அடித்தது. ஒரு விவசாயி, "என்ன சார், நெல்லைக் களத்துலயே விட்டுடலாமா, இல்ல அள்ளிடலாமா?" என்று கேட்டார். அவருக்கு ஆள் கிடைக்காத கஷ்டம். நானும் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இன்னைக்கு ஒண்ணும் வராதுங்க, காலைல பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு ராத்திரி கொட்டின மழையில் அம்பாரம் அப்படியே நனைந்து, மூன்றாம் நாள் நெல் முளை விட்டுவிட்டது.

அவர் என்னைத் திட்டவில்லை. "ஏன் சார், உங்க ஆபீசு சொன்னதை நீங்களே நம்பலைன்னா நாங்க எப்படி நம்புறது?" என்று மட்டும் கேட்டார். இன்று வரைக்கும் அந்தக் கேள்வி என் மனசில் இருக்கிறது. கண்ணுக்கு எட்டின வானம் பத்துப் பதினைந்து கிலோ மீட்டர்தான். அதற்கு அப்பால் இருக்கிறதைப் பார்க்கத்தான் ரேடார். ரேடார் பார்த்ததை ஒதுக்கிவிட்டு அண்ணாந்து பார்த்தது என் தப்பு.

ஆகவே விவசாயப் பெருமக்களே, எச்சரிக்கையை எப்படி எடுத்துக்கொள்வது என்று சுருக்கமாகச் சொல்கிறேன்.

நாலைந்து நாளைக்கு முன்னால் வருகிற அறிவிப்பு கம்ப்யூட்டர் கணக்கில் வருவது. அதில் முன்னே பின்னே இருக்கும். அடுத்த மூன்று மணி நேரத்துக்கு என்று வருகிற அறிவிப்பு ரேடார் அந்த நேரத்தில் நேரே பார்த்ததை வைத்துச் சொல்வது. அதை அலட்சியம் செய்யவே கூடாது. மஞ்சள் என்றால் கவனமாக இரு, ஆரஞ்சு என்றால் தயாராகு, சிவப்பு என்றால் உடனே காரியத்தில் இறங்கு. இப்படி ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கனமழை என்று சொன்னால் யூரியா மேலுரம் போடாதீர்கள், மருந்து தெளிக்காதீர்கள். இரண்டும் தண்ணீரோடு போய்விடும், பணமும் போய்விடும். வடிகால் வாய்க்காலில் அடைப்பிருந்தால் அன்றைக்கே வெட்டி விடுங்கள். அறுத்த நெல்லை மேடான இடத்தில் குவித்துத் தார்ப்பாய் போட்டு ஓரத்தைக் கனமாக அழுத்தி வையுங்கள். கடலை பிடுங்குவதை இரண்டு நாள் தள்ளிப் போடலாம். பிடுங்கியிருந்தால் கொடியை வயலில் விடாதீர்கள்.

புயல் என்றால் வாழைக்கு முட்டுக் கொடுங்கள். முற்றின தார் இருந்தால் வெட்டிவிடுங்கள். தென்னையில் முற்றின காய்களையும் அடிமட்டைகளையும் இறக்கி, மரத்தின் தலைப்பாரத்தைக் குறையுங்கள். புயலுக்கு முந்தின நாட்களில் மரத்துக்குத் தண்ணீர் கட்டாதீர்கள். மண் இளகினால் வேர்ப்பிடி தளர்ந்துவிடும். மாட்டை அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டிவிடுங்கள். கட்டுத்தறியில் விட்டுவிட்டு வராதீர்கள்.

2018 நவம்பர் 16-ல் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரை கடந்தது. தென்னை லட்சக்கணக்கில் சாய்ந்தது. மரத்தைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது, அந்த நஷ்டம் நெஞ்சை அடைக்கிற நஷ்டம். ஆனால் முன்கூட்டியே செய்தி வந்து, கரையோர ஜனங்கள் ஆயிரக்கணக்கில் முகாமுக்குப் போயிருந்தார்கள். அவர்கள் உயிரோடு ஊர் திரும்பி மறுபடி கன்று நட்டார்கள். பயிருக்குக் காப்பீடு இருக்கிறது, கடைசித் தேதிக்கு முன்னால் செய்துவிடுங்கள். உயிருக்கு ஈடு கிடையாது.

ஒரே ஒரு எச்சரிக்கை. கருவிக்கும் ஆபத்து உண்டு. மயாமியில் நடந்ததைச் சொன்னேன். 2014-ல் ஹுட்ஹுட் புயல் அடித்தபோது விசாகப்பட்டின டாப்ளர் ரேடாரும் சேதமாயிற்று. அதனால் புயல் தலைக்கு மேல் வந்த பிறகு புதுச் செய்திக்குக் காத்திருக்காதீர்கள். செய்தி வருகிறபோதே கிளம்பிவிடுங்கள்.

அடுத்த வாரம் அந்தக் கிராமத்துக்கு மறுபடி போகிறேன். பெரியவருக்கு ஒரு தாளில் அந்தப் பத்து ஊர்ப் பெயரையும் எழுதிக் கொண்டுபோகப் போகிறேன். ஓய்வு பெற்ற ரேடாரை மறக்காமல் விசாரித்தவர் அவர் ஒருவர்தான். அடுத்த முறை 'ரேடாரில் தெரிகிறது' என்று செய்தி வந்தால், வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் தார்ப்பாயைத் தேடுங்கள்.